எந்தப் பூவரசு

"எது மச்சான்?" என்று ஹாஜரா கேட்டாள். கேட்காதவன் போல நடந்துகொண்டிருந்தேன். மழைக்காலம் முடிந்து ஓடை வடிந்த முதல் வெள்ளிக்கிழமை அது. தாமுவேயில் எங்கள் வீட்டிலிருந்து கால்மணி நேர நடைதான். கரையெங்கும் ஒதுங்கிய ஆகாயத்தாமரை வெயிலில் அழுகி நாறியது. கோரை ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. நடுவில் வரிசையாகப் பூவரசங்கன்றுகள், இருபதுக்குக் குறையாது.

அதில் ஒன்றின் அடியில் எங்கள் பிள்ளை இருக்கிறது. எதன் அடியில் என்று எனக்குத் தெரியாது.

கலவரத்தில் ஊரில் ரோடெல்லாம் அடைத்துக் கிடந்த வாரத்தில் பிறந்தவள். அழவே இல்லை. அடக்கம் செய்யக் கபர்ஸ்தானுக்குப் போகச் சந்து முனையைக்கூடத் தாண்ட முடியவில்லை. கீழ்வீட்டு பீர் முகைதீன் பாய்தான், "வெயில் ஏறுது தம்பி, இனியும் வச்சிருக்கக் கூடாது. சவுங் மேட்டுக்குக் கொண்டு போயிருவோம்" என்றார். ஓடையைப் பர்மியில் சவுங் என்றுதான் எல்லாரும் சொல்கிறோம். ஹாஜராவால் எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. அவள் அந்த இடத்தைப் பார்க்கவே இல்லை.

கபர் மேல் பச்சைக் கொம்பு நடுவது எங்கள் வழக்கம். அது பச்சையாக இருக்கும்வரை உள்ளே இருப்பவருக்கு நிம்மதி என்பார்கள். பக்கத்துப் பூவரசில் ஒடித்து, தலைமாட்டுக்கு ஒன்று, கால்மாட்டுக்கு ஒன்று ஊன்றினேன். பபேடானில் இருபது வருஷமாக இரும்புச் சாமான் விற்கிறேன். வீட்டிலேயே கம்பி கிடந்தது. அடையாளத்துக்கு ஒரு துண்டைக் கூடவே அடித்து வைக்க எனக்குப் புத்தி வரவில்லை.

அந்த மழையில் மேடும் முழுகியது. பதினாலாம் பிறைக்குக் கடல் தண்ணீர் ஓடையில் ஏறி வரும். மேலிருந்து மழைத்தண்ணீர் இறங்கும். இரண்டும் இங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கும். வடிந்தபோது ஒரு சாண் வண்டல் படிந்திருந்தது. நல்ல வண்டல் என்று ஒரு பர்மாக்காரம்மா அதில் கசூன் கீரை போட்டாள். வாத்து புகாமலிருக்க வேலி ஊன்றினாள், அதே பூவரசங்கொம்புகளை வைத்து. அடுத்த மழையில் அவளுடையதும் துளிர்த்தது, என்னுடையதும் துளிர்த்தது. முதலிலிருந்தே இருந்தது எது என்று அவளிடம் கேட்டேன். "எல்லாம் ஒரே மரத்துப் பிள்ளைங்கதானே" என்று சிரித்தாள். அவளுக்கு என்ன தெரியும், பாவம்.

போன வருஷம் ஹாஜரா முதல்முறையாகக் கூட வந்தாள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கோழைப்பயல் நான், ஏதோ ஒரு கன்றைக் காட்டிவிட்டேன். அவள் அதன் அடியில் உட்கார்ந்து யாசீன் ஓதினாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரை ஊற்றினாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினாள். அதைப் பார்த்து, சொன்ன பொய் நல்லதுதான் என்றுகூட நினைத்தேன்.

இந்த வருஷ வெள்ளத்தில் கீரைப் பாத்தியும் போய்விட்டது. போன முறை எதைக் காட்டினேன் என்பது எனக்கே நினைவில்லை.

"இதுதான்" என்றேன்.

அவள் அந்தக் கன்றைத் தொடவில்லை.

"போன வருசம் காட்டுனது இது இல்ல மச்சான். அது வளைஞ்சு நின்னுச்சு."

"தண்ணி வந்துச்சுல்ல. நிமிந்திருக்கும்."

என் முகத்தையே பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாது."

"ஒரு வருசமா அந்த மரத்தையேதான் புள்ளன்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்" என்றாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருப்பேன். வீட்டுக்குப் போய்விடலாம் என்று கையைப் பிடித்தேன். விடுவித்துக்கொண்டாள்.

வரிசையின் முதல் கன்றிடம் போய்ச் சலாம் சொன்னாள். கொண்டுவந்த பாட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள். பிறகு அடுத்தது. நாலாவது கன்றில் தண்ணீர் தீர்ந்தது. இடுப்பில் கட்டியிருந்த தமேனை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடையில் இறங்கி, பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்தாள்.

கடல் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. பள்ளத்துப் பக்கக் கன்றுகளை ஓடை வந்து சூழ்ந்துவிட்டது. "அதுக்குத்தான் தண்ணி வந்துருச்சே, வா ஹாஜரா" என்று கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. முழங்கால் தண்ணீரில் நடந்துபோய், பாதி முழுகி நின்ற ஒரு கன்றுக்குச் சலாம் சொல்லி, பாட்டிலைச் சாய்த்து மெதுவாக ஊற்றினாள்.