வெள்ளிக்கிழமை அணையும் போன்

பாக்கியலெட்சுமியின் போன் வெள்ளிக்கிழமைகளில் செத்துப்போனது. திங்களும் செவ்வாயும் நன்றாக இருக்கும். புதனன்று கோடுகள் குறையும். வியாழக்கிழமை மாலையில் நோஞ்சான் கோழிக்குஞ்சு போலக் கீச்சிடும். வெள்ளி காலையில் அவள் தேயிலைத் தோட்டத்துப் பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, கிளம்பும்போது திரை கறுத்துக் கிடக்கும். இத்தனைக்கும் ஒவ்வோர் இரவும் சார்ஜரைச் சுவரில் செருகித்தான் வைத்தாள். திரையின் ஓரத்தில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுவதைக் கண்ணால் பார்த்தாள். ஏறுவதுபோல் ஓடியதே தவிர, ஏறவில்லை.

மடுல்சீமையிலிருந்து பதுளைக்கு அவள் அந்தப் போனைத் தூக்கிக்கொண்டு வந்தது இது மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஜீவன் சின்னதாக ஒரு போன் கடை வைத்திருந்தான். விற்பதும் அவனே, திருத்துவதும் அவனே. போனுக்குச் சார்ஜர் வாங்கியது அங்கேதான்.

"பாருங்கக்கா, ரெண்டு மணித்தியாலத்துல முழுசா ஏறிருச்சு" என்றான் ஜீவன். "அதே போன், அதே சார்ஜர். போன்ல பழுதில்ல, பெட்டரியில பழுதில்ல, சார்ஜர்லயும் பழுதில்ல."

"அப்ப எங்கிட்டதான் பழுதுங்கிறீங்களா?"

"அப்படிச் சொல்லலக்கா..."

"முத வாரம் மட்டும் வெள்ளிக்கிழமை உசிரோட இருந்துச்சு தம்பி. முதநா வியாழக்கிழமை போயா, பௌர்ணமி லீவு. அதுலயிருந்து எங்க கங்காணி கேலி பண்ணுறாரு. ஒம் போனு லீவு நாள்லதான் சாப்பிடும், வேலை நாள்ல உண்ணாவிரதம் இருக்கும், அதை யூனியன்ல சேத்துருன்னு."

ஜீவனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு வெள்ளிக்கிழமை ஏன் வேண்டும் என்பது அவனுக்கும் தெரியும். மகள் தனுஜா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். அந்த வீட்டுக்காரர்கள் வெள்ளிக்கிழமை மட்டும்தான் அவளைப் போனைத் தொடவிட்டார்கள். நம் ஊரில் மாலை ஏழு மணிக்கு அவள் அழைப்பு எடுப்பாள். இங்கிருந்து திருப்பி எடுக்க வழியில்லை. அழைக்கும் இலக்கம் திரையில் விழாது. தனுஜா புறப்பட்ட அன்று தாய்க்கும் மகளுக்கும் பெரிய சண்டை. "போனீன்னா திரும்பி என் மூஞ்சியில முழிக்காத" என்று பாக்கியலெட்சுமி வாசலில் நின்று கத்தியிருந்தாள். போயாவுக்கு மறுநாள் வந்த அந்த ஒரே அழைப்பில் இரண்டு பேரும் பாதி நேரம் அழுதார்கள், மீதி நேரம் "கேக்குதா, கேக்குதா" என்றார்கள். சொல்ல நினைத்ததை அவள் சொல்லவில்லை. அடுத்த வெள்ளி சொல்லலாம் என்று வைத்திருந்தாள்.

"கோவம் இல்லடின்னு ஒரு வார்த்தை தம்பி. அதுக்குத்தான் இந்தப் பாடு. அவ என்ன நெனைப்பா? வேணும்னே போனை அடைச்சு வச்சிருக்கேன்னுதானே நெனைப்பா?"

ஜீவன் சார்ஜரை மறுபடி சோதித்தான். மீட்டரில் ஐந்து வோல்ட்டுக்கு மேலேயே காட்டியது. விடை தெரியாத கேள்வியோடு ஒருவரைத் திருப்பி அனுப்புவது அவனுக்கு ஆகாத காரியம். ஸ்பீக்கர் மாற்ற வந்தவரைக்கூட உட்காரவைத்து, பழைய ஸ்பீக்கரைப் பிரித்து, "இந்தச் சின்னக் காகிதம் அதிருதுல்ல, அதுதான் உங்க சத்தம்" என்று காட்டி அனுப்புகிறவன் அவன்.

"வியாழக்கிழமை சாயந்தரம் நானே வாறேன்" என்றான்.

அந்த வியாழன் மத்தியானமே கடையைப் பூட்டினான். மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான். பசறை வரை உட்கார்ந்தும், அதற்குமேல் குழிகளில் எகிறி நின்றும் மடுல்சீமை போய்ச் சேர ஆறு மணி தாண்டிவிட்டது. பாக்கியலெட்சுமி இருந்த தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அவளுடைய காம்பராவுக்குள் நுழைந்ததும் அவன் கண் மேலே போனது. பல்பு பழுத்த எலுமிச்சம்பழ நிறத்தில் மங்கலாக எரிந்தது.

"பல்பு எப்பவுமே இப்படியா எரியும்?"

"பல்புன்னா இப்படித்தானே எரியும்?" என்றாள் அவள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஞாயித்துக்கிழமைன்னா வெள்ளையா எரியும்" என்றாள்.

ஜீவன் மீட்டரின் முனைகளைச் சுவர்த் துளைகளில் வைத்தான். பதுளையில் இருநூற்று முப்பது வோல்ட் காட்டும் மீட்டர் நூற்று முப்பத்தெட்டு காட்டியது. எடுத்துத் துடைத்துத் திரும்ப வைத்தான். நூற்று முப்பத்தேழு.

வேடிக்கை பார்க்க வந்து கதவோரம் நின்ற தம்பையா கங்காணி, "அது ஸ்டோர் ஃபேன் தம்பி" என்றார். கீழே, ஸ்டோர் என்று அவர்கள் சொல்லும் தேயிலை ஆலையிலிருந்து ஒரே சீரான உறுமல் வந்துகொண்டிருந்தது. "பறிச்ச கொழுந்தை வாட்ட ஃபேன் போட்டாங்கன்னா விடியிற வரைக்கும் ஓடும். நம்ம லயத்துக்கும் அதே லைன்தான். கரண்டை எல்லாம் அது குடிச்சிரும்."

"ஞாயித்துக்கிழமை?"

"ஞாயித்துக்கிழமை எங்க கொழுந்து? போயாவுக்கும் இல்ல. ஃபேனுக்கும் லீவுதான்."

ஜீவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பூட்டு திறந்த சந்தோஷம். அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து சார்ஜரைத் திருகாணி கழற்றித் திறந்தான். உள்ளே இரும்புத் தகட்டில் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள், ஒரு சின்னத் தேங்காய்ச் சில்லு பருமனில் இருந்தது.

"பாருங்கக்கா. இதுக்குச் சொந்த புத்தி இல்ல. வர்ற கரண்டை ஒரே கணக்கா சிறுசாக்கும். நெறைய வந்தா நெறைய குடுக்கும், கொறைய வந்தா கொறையத்தான் குடுக்கும். பெட்டரி நெறையணும்னா நாலு வோல்ட்டுக்கு மேல வேணும். இப்ப இது நாலுகூடக் குடுக்கல. பீலிக் குழாய்த் தண்ணி பீப்பா வாயவிடத் தாழ்வா விழுந்தா பீப்பா நெறையுமா? அந்த மாதிரி. வயரைக் குத்திட்டாங்கன்னு போனுக்குத் தெரியும், அதனால கோடு ஓடும். ஆனா ஏறாது."

"அப்ப ஞாயித்துக்கிழமை ஏறுனதை வச்சுத்தான் வியாழக்கிழமை வரைக்கும் ஓட்டியிருக்கு!" என்றார் கங்காணி. "அடேங்கப்பா. ஆனா எம் போனு தெனமும் ஏறுதே தம்பி? அதுவும் இதே கரண்ட்தானே?"

"உங்க சார்ஜரைக் கொண்டாங்க பார்ப்போம்."

கங்காணி கொண்டுவந்தது வேறு கம்பெனியுடையது, முனையும் வேறு, போனோடு பெட்டியிலேயே வந்தது. கையில் எடுத்தால் வெறும் கூடு போல லேசாக இருந்தது. அதன் அடியில் பொடி எழுத்தில், உள்ளே வருவது நூறு முதல் இருநூற்று நாற்பது வோல்ட் என்று அச்சிட்டிருந்தது.

அதைப் படித்த இடத்தில் ஜீவனின் சந்தோஷம் நின்றுவிட்டது.

சார்ஜர் விற்ற நாள் அவனுக்குத் துலக்கமாக நினைவிருந்தது. கண்ணாடி மேசைமேல் இரண்டு கிடந்தன. ஒன்று ஒரிஜினல், சின்னது, லேசு. கடையில் அதுதான் கடைசி. மற்றது கொழும்பிலிருந்து மொத்தமாக வந்த டூப்ளிகேட், கட்டியான கறுப்புப் பெட்டி. "புள்ளை பேசுற போனு, நல்லதையே குடுங்க" என்று சொன்ன பாக்கியலெட்சுமி இரண்டையும் இரண்டு உள்ளங்கையில் வைத்து ஏந்திப் பார்த்தாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் இருபத்தைந்து வருடம் நின்றவள். அங்கே கனமாக இருப்பதற்குத்தான் மதிப்பு. லேசான கூடைக்கு ஏச்சு. "இதுதான் கனமா இருக்கு, இதுதான் ஒரிஜினல்" என்று டூப்ளிகேட்டைப் பிடித்துக்கொண்டாள்.

இல்லை அக்கா, லேசாக இருப்பதுதான் ஒரிஜினல் என்று அவன் சொல்லியிருக்க வேண்டும். ஏன் லேசு என்பதையும் சொல்லியிருக்கலாம். அதற்குள் இருக்கும் சின்னச் சுற்று, வரும் மின்சாரத்தை ஒரு நொடிக்குப் பல்லாயிரம் தடவை நறுக்குகிறது; குறைவாக வந்தால் கூடுதல் நேரம் திறந்து வைக்கிறது; வெளியே போவது எப்போதும் ஒரே அளவு. அவ்வளவு வேகமாக நறுக்கினால் பெரிய இரும்பும் செம்பும் தேவையில்லை. எல்லாருக்கும் எல்லாவற்றையும் விளக்குகிறவன் அன்று, "அக்கா கையே தராசுதானே, பொய் சொல்லுமா?" என்று சிரித்துவிட்டு, "உங்களுக்காக வெலையைக் கொறைச்சுப் போட்டிருக்கேன்" என்று ஒரு பொய்யையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தான். ஏனென்றால் கச்சேரி எனும் அரசாங்க அலுவலகத்தில் உத்தியோகம் பார்க்கும் சிதம்பரநாதன் ஒரிஜினல் வேண்டுமென்று சொல்லி வைத்திருந்தார். லயத்துக்கு இது போதும் என்று ஜீவன் நினைத்தான்.

இரண்டில் எதைச் செருகினாலும் சரி என்பது பதுளைக்குத்தான் பொருந்தும். ஒரிஜினல் இல்லாமல் முடியாத இடம் இந்த லயம்தான்.

"என்ன தம்பி பேச்சைக் காணோம்?" என்றாள் பாக்கியலெட்சுமி.

"வேற சார்ஜர் வேணும்க்கா. நாளைக்குக் கொண்டாறேன். ஏழு மணிக்கு முன்னால." திறந்த சார்ஜரை மூடித் திருகாணியை முடுக்கினான்.

அன்றிரவு கங்காணி வீட்டில் படுத்து, முதல் பஸ்ஸில் பதுளைக்குத் திரும்பினான். கொழும்புக்குச் சொல்லி ஒரிஜினல் வரவழைக்க ஒரு கிழமை ஆகும். ஆகவே, சிதம்பரநாதனுக்கு விற்ற ஒரிஜினலுக்குப் பதிலாகக் கொடுக்க ஒரு புது டூப்ளிகேட்டை எடுத்துக்கொண்டு நேரே கச்சேரிக்குப் போனான்.

சிதம்பரநாதன் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "என்ன தம்பி, வித்த சாமானைத் திருப்பிக் கேக்கிற கடைக்காரனை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்."

"உங்க வீட்டுல கரண்ட் ஒழுங்கா வருது சேர். உங்களுக்கு இந்தக் கனமானதே போதும். மிச்சக் காசைத் தந்துர்றேன். அது மடுல்சீமைக்கு வேணும்." காரணத்தை அவன் சொன்னான், வோல்ட்டையும் சொன்னான், தனுஜாவையும் சொன்னான்.

அவர் முழுவதையும் கேட்டார். "அப்ப அண்டைக்கு அந்த மனிசிக்கு இதைக் குடுக்காம ஏன் எனக்குத் தந்தனீர்?"

ஜீவன் கொண்டுவந்த டூப்ளிகேட்டை மேசையில் வைத்தான். அவர் இழுப்பறையைத் திறந்து சார்ஜரை எடுத்து, வயரை ஒழுங்காகச் சுற்றி அவன் கையில் வைத்தார். "கொண்டு போம். பஸ் போயிடும்."

மாலை ஆறு மணிக்கு முன்பே லயத்துக்கு வந்துவிட்டான். ஸ்டோர் விசிறிகள் ஓடத் தொடங்கியிருந்தன. பல்பு மஞ்சளாக எரிந்தது. அந்த மஞ்சளிலேயே லேசான சார்ஜரைச் செருகினான். மீட்டரின் முனைகளை வயர் நுனியில் வைத்துப் பார்த்தான். பதுளைக் கடையில் காட்டியிருக்கக்கூடிய அதே அளவு. போன் விழித்துக்கொண்டது. பாக்கியலெட்சுமி தலை வாரி, முகம் கழுவி, போனுக்கு எதிரே உட்கார்ந்தாள். மகள் கண்ணால் பார்க்கப்போகிறாள் என்பதுபோல. ஏழு ஆனது. ஏழரை ஆனது.

எட்டு மணிக்குச் சற்று முன் தம்பையா கங்காணி வந்தார். உள்ளே வராமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒன்னைப் பத்தாம் நம்பர் மலை முழுக்கத் தேடினேன் பாக்கியம். அதுக்குள்ள நிறுவைக்குக் கூப்புட்டுட்டாங்க, இப்பத்தான் விட்டாங்க. நாலு மணிக்குத் தனுஜா எனக்கு எடுத்தா. ஏஜென்சிக்காரங்ககிட்ட என் நம்பரைக் கேட்டு வாங்கியிருக்கா. வீட்டுக்காரங்க குடும்பத்தோட வேற நாட்டுக்குப் போறாங்களாம், இன்னைக்கே பயணம். இவளையும் கூட்டிக்கிட்டுப் போறாங்க. நாலு மாசத்துக்குப் போன் கெடைக்காதாம்."

"என்ன சொன்னா?"

கங்காணி ஜீவனைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "அம்மா போனு எப்பவும் அடைச்சுத்தான் கெடக்கு, கோவம் தீரல போல, நான் என்ன செய்யன்னு கேட்டா. அடி, சார்ஜர் கோளாறுடின்னு சொல்லுறதுக்குள்ள கட்டாயிருச்சு."

 பிறகு ஜீவன் பேசினான். எது ஒரிஜினல் என்று அன்றைக்கே தனக்குத் தெரியும் என்பதைச் சொன்னான். அவள் தவறானதைப் பிடித்தபோது தான் சிரித்ததையும், லயத்துக்கு இது போதும் என்று நினைத்ததையும் சொன்னான். எதையும் சுருக்கவில்லை.

பாக்கியலெட்சுமி அழுவாள் என்று எதிர்பார்த்தான். ஏசினால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் முந்தானையால் போன் திரையைத் துடைத்தாள்.

"எனக்கு விவரம் தெரியாது தம்பி, நான் கையில தூக்கிப் பாத்தேன். விவரம் தெரிஞ்ச ஆளு, நீங்க சொல்லியிருக்கலாம்" என்றாள். "எங்கிட்டயே இவ்ளோ நேரம் குந்தி வெளக்குறீங்க. அன்னைக்கு ஒரு வார்த்தை."

"ஆமாக்கா."

"சரி. நாலு மாசம்கிறது நாலு மாசம். நடுவுல எந்த வெள்ளிக்கிழமையாச்சும் அவளுக்கு ஒரு போன் கெடைச்சா? அன்னைக்கு இது அணைஞ்சு கெடக்காதே? அதை மட்டும் எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க."

ஜீவன் சார்ஜரைக் கழற்றி, அடியிலிருந்த பொடி எழுத்தை வெளிச்சத்தில் அவளுக்குக் காட்டினான். எழுத்து தெரியாவிட்டாலும் எண் அவளுக்குத் தெரியும். நூறு, கோடு, இருநூற்று நாற்பது. இங்கே வரும் நூற்று முப்பத்தெட்டு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. இருநூற்று முப்பது என்று மட்டும் எழுதியதை இந்த லயத்தில் யாரும் வாங்கக் கூடாது. நூறு முதல் இருநூற்று நாற்பது என்று எழுதியதைச் செருகினால், ஸ்டோர் விசிறி ஓடும் இரவிலும் போன் முழுதாக ஏறும். திரும்பச் செருகினான். ஒன்பது மணிக்கு எல்லாக் கோடுகளும் நிறைந்து நின்றன.