பறப்பதற்கு முந்தைய நாள்

ஆழத்தில் இறங்கியவன் மறுநாள் விமானம் ஏறக் கூடாது. கடலில் முங்கும் எங்கள் தொழிலில் இது பாலபாடம். கீழே இருக்கும்போது ரத்தத்தில் கரைகிற வாயு மெதுவாகத்தான் வெளியே போகும். அது போய் முடிவதற்குள் வானத்தில் ஏறினால் சோடா பாட்டிலைத் திறந்த கதைதான். பொங்குவது நம்முடைய மூட்டிலும் முதுகுத்தண்டிலும். முங்குவதற்காக எங்கள் கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் என்னோடு வேலை பார்க்கும் யாக்‌ஷா இதைச் சொல்லுவான். சொல்லுவான் என்பது மரியாதைக்கு, உண்மையில் திட்டுவான். ஒரு தடவை ஒரு ஜெர்மன்காரர் மறுநாள் காலையில் விமானம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். இடுப்பில் கட்டிய ஈயப் பட்டையோடு அவரைப் படகிலிருந்து இறக்கிக் கரையில் நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை பார்த்தான்.

அப்படிப்பட்டவனிடம் போய், வெள்ளிக்கிழமை கடைசியாக ஒரு முறை கடலடியில் கிடக்கும் குண்டுவீச்சு விமானத்தைப் பார்த்துவிட்டு வரலாமா என்று நான் கேட்டேன். சனிக்கிழமை மத்தியானம் அவனுக்கு ஸ்ப்லிட் நகரத்திலிருந்து அமெரிக்காவுக்குப் பயணம். தெரியாமல் கேட்கவில்லை, தெரிந்துதான் கேட்டேன். அவன் கையிலிருந்த, வாயில் கவ்வி மூச்சு விடுகிற ரெகுலேட்டரைத் துடைத்துக்கொண்டே "சரி" என்றான். அவ்வளவுதான்.

மறந்துவிட்டான் என்று நினைத்தேன். ஊரை விட்டுப் போகிற சந்தோஷத்தில் பாலபாடமே மறந்துவிட்டது. அதை நினைக்க ஒரு பக்கம் வலித்தது, இன்னொரு பக்கம் நிம்மதியாகவும் இருந்தது. முங்கி எழுந்த பிறகு நான் ஞாபகப்படுத்துவேன், அவனால் சனிக்கிழமை போக முடியாது. எனக்கு ஒரு நாள் கிடைக்கும். ஒரே ஒரு நாள். அதற்குத்தான் இத்தனை தில்லுமுல்லு.

எங்கள் தீவில், கொமீஷா ஊரில் கடை என் பெயரில் இருக்கிறது, ஆழம் அவன் பெயரில். நான் ஸ்ப்லிட்டில் ஒருவனைக் கட்டிக்கொண்டு போய், வேண்டாம் சாமி என்று தீவுக்கே திரும்பி வந்தவள். யாக்‌ஷா என்னிடம் வேலை கேட்டு வந்தபோது அவன் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கலிபோர்னியாவில் சான் பெட்ரோவுக்குப் போய்விட்டிருந்தாள். எங்கள் ஊர்க்காரர்கள் பாதிப் பேர் அங்கேதான் மீன் பிடித்துப் பிழைக்கிறார்கள். குழந்தை மர்யேதா அப்பனோடு பேசாமலே வளர்ந்தாள். பிறந்தநாளைக்குப் பிறந்தநாள் இவன் போன் போடுவான், அந்தப் பக்கம் எடுக்க மாட்டார்கள். அன்றைக்குக் கடையில் யாரும் அவன் கண்ணில் பட மாட்டோம். போன மாதம் அவளே கூப்பிட்டாள். வயிற்றில் பிள்ளை இருக்கிறதாம். "வாப்பா, இங்கயே இருந்துடு" என்றாளாம். அதை என்னிடம் சொல்லும்போது பெரிய ஆள் தேம்பித் தேம்பி அழுதான். நானும் அழுதேன். அவன் சந்தோஷத்துக்கு அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு என் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

அவனை எனக்குப் பிடிக்கும் என்று இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நானாகச் சொல்வதா என்ற வீம்பு பாதி. சொல்லி, அவன் அந்தத் துடைக்கிற வேலையை நிறுத்தாமலே வேறு பேச்சு பேசிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் மீதி.

வெள்ளிக்கிழமை கடல் தட்டையாகக் கிடந்தது. படகு டிங்கோ மாமாவுடையது. எழுபதைத் தாண்டியவர், நீச்சலே தெரியாது, நாக்கு மட்டும் நன்றாக நீந்தும். நாங்கள் இரட்டை சிலிண்டரை மாட்டிக்கொண்டு மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தபோது அவர் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, "விமானத்தப் பாக்கப் போறீங்களா, இல்ல ரெண்டு பேரும் கயித்துல தொங்கப் போறீங்களா?" என்று கேட்டார். யாக்‌ஷா சிரித்தான். நான் ஆவி படியாமலிருக்க முகமூடியில் எச்சில் துப்பித் தேய்ப்பதில் மும்முரமாக இருந்தேன்.

அவர் சொன்னதில் தப்பில்லை. இந்த ஆழத்துக்குப் போகிறவர்கள் கீழே இருப்பது கொஞ்ச நேரம், மேலே வரும் வழியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்குவதுதான் அதிக நேரம். உடம்பிலிருக்கிற வாயு வெளியேற வேண்டும். அவசரப்பட்டால் ஆள் காலி. கீழே எவ்வளவு கூடுதலாக இருக்கிறோமோ, அதைப் போலப் பல மடங்கு கயிற்றில் தொங்கித் தீர்க்க வேண்டும். அங்கே பார்க்க மீனும் இருக்காது, தரையும் தெரியாது. நீலம் மட்டும்தான். பக்கத்தில் ஒரு ஆள்.

இறங்கினோம். அறுபது மீட்டருக்கும் கீழே முதலில் இறக்கைதான் தெரியும். போர்க்காலத்தில் எங்கோ குண்டு போடப் போய், அடிபட்டு, தீவிலிருந்த சின்ன ஓடுதளம்வரை வந்துசேரத் தெம்பில்லாமல் தண்ணீரில் இறங்கிய விமானம். இறக்கை இரண்டும் முழுசாக இருக்கின்றன. என்ஜினுக்குள் ஒரு விலாங்கு குடியிருக்கிறது. கூரைத் துப்பாக்கிகளின் குழாய் இன்னும் வானத்தைப் பார்த்தே நிற்கிறது, அதில் சிவப்புப் பஞ்சுப்பாசி வளர்ந்துவிட்டது. விமானி இருக்கைக்குப் பின்னால் சின்னச் சின்ன ஆக்ஸிஜன் பாட்டில்கள். அதில் வந்தவர்களும் உயரத்தில் எங்களைப் போலப் பாட்டிலில் மூச்சு விட்டவர்கள்தான். தப்பியவர்களை எங்கள் ஊர் மீனவர்கள் படகில் ஏற்றிக் கரை சேர்த்தார்கள். ஒருவன் மட்டும் வெளியே வரவில்லை. அவனுக்காக யாரோ எங்கேயோ ரொம்ப காலம் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள். இதற்கு முன்பு எனக்கு அந்த நினைப்பு வந்ததில்லை. அன்றைக்கு வந்தது.

பேசிவைத்த நேரம் முடிந்ததும் யாக்‌ஷா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். மேலே போகலாம் என்று அர்த்தம். நான் பார்க்காதது போல வால் பக்கம் திரும்பி நீந்தினேன். கண்மூடித்தனமாகச் செய்யவில்லை. காற்று எவ்வளவு மிச்சம், கயிற்றில் மாமா கட்டியிருக்கும் சிலிண்டர்கள் எவ்வளவு தாங்கும் என்று முதல் நாளே உட்கார்ந்து கணக்குப் போட்டு வைத்திருந்தேன். கணக்குப் பார்த்துத்தான் தப்பு செய்தேன். வாலில் ஒட்டியிருந்த ஒரு துருப்பிடித்த தகட்டை உலக அதிசயம் போல முறைத்துப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இங்கே ஒவ்வொரு நிமிடமும் மேலே கயிற்றில் பல நிமிடங்களாகும். அவன் விளக்கை ஆட்டிக் கூப்பிடுவான், வந்து தோளைப் பிடித்து இழுப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் இறக்கை நுனிக்கு மேலே கையைக் கட்டிக்கொண்டு சும்மா மிதந்தான். நானே போதும் என்று திரும்பும்வரைக்கும் அப்படியே இருந்தான்.

பிறகு கயிறு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று மேலே வந்தோம். கடைசி நிறுத்தம்தான் நீளம். அலை எங்களை ஒன்றாக ஏற்றி ஒன்றாக இறக்கியது. கொஞ்ச நேரத்தில் அவன் ஒரு கையை முஷ்டியாக வைத்துக் காட்டினான். மீன்பிடிக்கிறவர்கள் மதுக்கடையில் மேசையைக் குத்திக் கத்திக்கொண்டு ஆடுகிற விரல் விளையாட்டு. ஆளுக்குச் சில விரலை நீட்டும்போதே மொத்தம் எத்தனை என்று சரியாகக் கத்துகிறவன் ஜெயிப்பான். தண்ணீருக்குள் கத்த முடியாது, அதனால் வலது கையால் விரல் நீட்டி, இடது கையால் கயிற்றைத் தட்டித் தொகையைச் சொல்லுவோம். இது எங்கள் இரண்டு பேருடைய சட்டம். ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. நான் எப்போதும் போலத் தோற்றேன். தோற்றதும் அவன் கண்ணாடிக்குள் கண்ணைச் சுருக்கிச் சிரித்தான். அந்தச் சுருக்கத்தை இனிமேல் சான் பெட்ரோவில் யாரோ பார்ப்பார்கள்.

விளையாட்டை நிறுத்திவிட்டுச் சும்மா தொங்கினோம். எனக்கு அழுகை வந்தது. முகமூடிக்குள் அழுவது ஒரு அவஸ்தை, துடைக்க வழியில்லை. அழுகை நின்றபோது என் திட்டத்தின் லட்சணம் எனக்கே தெரிந்தது. ஒரு நாளைத் திருடி என்ன செய்யப் போகிறேன்? அதிலும் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி அங்கே விமான நிலையத்தில் காத்திருக்கிற நாள். மேலே போனதும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அதோடு நிறுத்துவேனா, இல்லை போகாதே என்ற வார்த்தையும் சேர்ந்து வந்துவிடுமா என்பதுதான் தெரியவில்லை. வாய்வரை வந்து நின்றது அது. வாயில் ரெகுலேட்டர் இருந்ததால் தப்பித்தேன்.

படகில் ஏறியதும் டிங்கோ மாமா நெத்திலி வைத்த ரொட்டியை எங்கள் மடியில் போட்டுவிட்டு, இவ்வளவு நேரமா, சவப்பெட்டிக்கே சொல்லிவிடலாமா என்று பார்த்தேன், கொஞ்சமாவது புத்தி இருக்கிறதா என்று ஒரு மூச்சு திட்டினார். திட்டி முடித்துச் சிலிண்டர்களை இழுக்க முன்பக்கம் போனார். யாக்‌ஷா கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டிருந்தான்.

"யாக்‌ஷா, நாளைக்கு நீ விமானம் ஏற முடியாது" என்றேன்.

"தெரியும்."

"தெரியுமா?"

"நீ கேட்ட அன்னைக்கே டிக்கெட்ட ஞாயித்துக்கெழமைக்கு மாத்திட்டேன். மர்யேதாகிட்டயும் சொல்லியாச்சு."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. நான் பட்ட பாடெல்லாம் இவன் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். "அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

ரொட்டியைப் பிய்த்தேன்.

"வால்ல அப்படி என்னத்தப் பாத்துட்டு இருந்த பெரினா? அங்க பாக்க ஒண்ணுமே இல்லையே" என்றான். கேலி செய்கிறானோ என்று நிமிர்ந்து பார்த்தேன். செய்யவில்லை. முகமூடி பதிந்த தடம் கண்ணைச் சுற்றி இருந்தது, அதற்குள் கண் இரண்டும் கலங்கிப்போயிருந்தன. "நானும் உங்கூட அந்தக் கயித்துல தொங்கறதுக்காகத்தான் இத்தன வருஷமா எறங்கினேன். உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. இதைக் கேட்பதற்கு நான் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். கேட்டபோது வாய் நிறைய ரொட்டி இருந்தது. பிறகு போகாதே என்று சொல்ல என் வாய் தன்பாட்டுக்குத் திறந்தது. அவன் ஈரக் கையை என் மணிக்கட்டில் வைத்தான்.

"இன்னும் ஒரு நாள் இருன்னு நீ கேட்டா இருந்துடுவேன். மறுநாளும் கேட்டா மறுநாளும் இருப்பேன். அப்பறம் எம்பொண்ணு மொகத்த நான் எப்பத்தான் பாக்கறது? அதனால கேக்காத பெரினா."

கேட்டால் கிடைக்காது என்ற பயத்தில் இத்தனை வருடம் வாயைத் திறக்காதவள் நான். இப்போது கேட்டால் கிடைக்கும். கடலும் படகும் வெயிலும் அப்படியே இருந்தன, கேட்க வேண்டியது ஒரு வார்த்தை. பிறந்தநாளைக்குப் பிறந்தநாள் அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்ற கோலம் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஆசையில் உடம்பே வலித்தது. அவன் கைக்கு மேலே என் கையை வைத்துக்கொண்டேன்.

சிலிண்டர்களை அடுக்கி முடித்த டிங்கோ மாமா முன்பக்கத்திலிருந்து திரும்பி எங்கள் கையைப் பார்த்தார். சிகரெட்டைக் கடலில் வீசிவிட்டு, "என்னம்மா, கெளம்பட்டுமா?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டார்.

யாக்‌ஷா என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கெளம்புங்க மாமா" என்றேன்.