மாறாத இருபத்தாறு

எங்கள் மருத்துவமனையின் ஏசி, தண்ணீர் மோட்டார், வராந்தா விளக்கு எல்லாவற்றையும் தரைத்தளத்தில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டர்தான் ஓட்டுகிறது. பதினாறு வருடப் பழசு. அதை எடுத்துவிட்டுப் புதிது வைக்க முடிவானதும், எந்த சென்சார், எந்த வால்வு நன்றாக இருக்கிறது என்று இடம் இடமாகப் போய்ப் பார்த்துப் பட்டியல் எடுக்கும் வேலை எனக்கு வந்தது. நான் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

மொத்தம் நூற்றெண்பத்து நான்கு. நன்றாக இருந்தால் டிக். பதினொன்றைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். அந்தப் பதினொன்றும் பச்சிளங்குழந்தைகள் வார்டில் இருந்தன.

அங்கே மணி அடித்தால் நர்ஸ் வந்து யார், என்ன என்று கேட்பார். செருப்பைக் கழற்றி, முழங்கை வரை கழுவி, அங்கி போட வேண்டும். வாசல் பெஞ்சில் இருந்தவர்கள் என்னையே பார்த்தார்கள். மணிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு திரும்பி வந்துவிட்டேன். கம்ப்யூட்டர் திரையில் அந்த வார்டுக்கு நேராக 26.0 டிகிரி என்று இருந்தது. பதினொன்றுக்கும் டிக் போட்டேன்.

வெள்ளிக்கிழமை கூட்டம். திருச்சியிலிருந்து வந்த இன்ஜினியர் ஜெயப்பிரகாஷ் திட்டத்தைச் சொன்னார். டிக் போட்டவை அப்படியே இருக்கும். குழந்தைகள் வார்டை ஞாயிற்றுக்கிழமையே புது சிஸ்டத்துக்கு மாற்றிவிடலாம்.

கண்ட்ரோல் ரூமில் ஒன்பது வருடமாக இருக்கும் அமுதா அக்கா கையைத் தூக்கினார்.

“சார், அந்த வார்டு சென்சார் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. எழுதிக்கூட கொடுத்தேன். ஷிஃப்டுக்கு மூணு தடவை தெர்மாமீட்டரோட போய்ப் பாத்துட்டு ஏசி வால்வைக் கையாலதான் திருப்புறோம். திரையில தெரியறது நான் அடிச்சு வச்ச நம்பர். இல்லன்னா அலாரம் கத்திக்கிட்டே கெடக்கும்.”

“சிந்து நேர்ல பாத்து டிக் போட்டிருக்கு,” என்றார் மேலாளர் ராஜராஜன் சார். “பிசிக்ஸ் படிச்ச பொண்ணு. வேலை போயிரும்னு நீ கதை கட்டாத அமுதா.”

“கவலைப்படாதீங்கக்கா, நீங்க திருப்பறதுக்குன்னு ஒரு வால்வை விட்டு வச்சிடறோம்,” என்றார் ஜெயப்பிரகாஷ். எல்லாரும் சிரித்தார்கள்.

அக்கா என் பக்கம் திரும்பினார். “நீ உள்ள போனியா சிந்து?”

தலையை ஆட்டினேன். போனேன் என்று.

கூட்டம் முடிந்து பழைய பதிவுகளைத் திறந்தேன். மே மாதமும் 26.0, மார்கழியும் 26.0. அளவு அசையவே இல்லையென்றால் கருவியைச் சந்தேகப்பட வேண்டும் என்பது முதல் வருட லேபிலேயே தெரிந்த விஷயம். புது சிஸ்டம் அந்தச் செத்த சென்சாரை நம்பிக் காற்றை விடும். உள்ளே ஒன்றரைக் கிலோ குழந்தைகள். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது, அரியலூரில் இறங்கி கீழப்பழுவூர் பஸ் மாறும்வரை எதிர்ப்பட்ட யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை காலையில் மணி அடித்தேன். நர்ஸ் ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. சுவரில் சென்சாரின் ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த டேப்பில் ‘பழுது’ என்று அமுதா அக்காவின் கையெழுத்து, தேதியோடு.

தெர்மாமீட்டரோடு அவரே வந்தார். “பாத்தாச்சா மேடம்?” என்றார். அதுவரை என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

நேராக மேலாளர் அறைக்குப் போய், உள்ளே போகாமலே டிக் போட்டதைச் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்தார்.

“ஞாயித்துக்கெழமை வேலைய நிறுத்தச் சொல்லிடறேன். நீ இத வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத.”

திங்கட்கிழமை மறுபடி கூட்டம். “லிஸ்ட்ல ஒரு சின்னத் திருத்தம். அந்த வார்டைக் கடைசியில பாத்துக்கலாம்,” என்றார் சார்.

“அக்காவோட ஜெபம் பலிச்சிருச்சு போல,” என்றார் ஜெயப்பிரகாஷ். மறுபடி சிரிப்பு. அமுதா அக்கா நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

நான் எழுந்தேன். நாற்காலி சத்தம் போட்டது.

“திருத்தம் இல்ல சார். நான் உள்ளயே போகல. போகாமலே டிக் போட்டேன். அக்கா கேட்டப்ப போனேன்னு பொய் சொன்னேன். அவங்க சொன்னதுதான் நெஜம்.”

யாரும் சிரிக்கவில்லை. சார் என்னைப் பார்க்காமல் தாளைப் புரட்டினார்.

அக்கா நிமிரவில்லை. எழுதிய வரியை முடித்துவிட்டு, “அந்த வார்டுக்கு சென்சார் ரெண்டா போடுங்க சார்,” என்றார். “ஒண்ணு போனாலும் இன்னொன்னு காட்டிக்கொடுக்கும்.”

ஜெயப்பிரகாஷ் அதைக் குறித்துக்கொண்டார். பேச்சு அடுத்த மாடியின் வேலைக்குப் போனது. எப்போது உட்கார வேண்டும் என்று தெரியாமல் நான் நின்றுகொண்டே இருந்தேன்.