பெட்டிப் பலகை வாங்கு

லாபிஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் சதாசிவத்தின் கோபம் பிரசித்தம். உதவி ஸ்டேஷன் மாஸ்டர். தண்டவாளத்தில் நடக்கிற ஒவ்வொரு கோளாறுக்கும் வீட்டில் கறிச்சட்டி பதில் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டுகிற டிரஸர் ஒருநாள் அவர் நாடியைப் பிடித்துப் பார்த்து, "கைக்கு ஏதாச்சும் வேலை குடுங்க சார், மனசு ஆறும்" என்றார். சதாசிவம் பக்கத்து டவுன் சிகாமட் போய் மரம் அறுக்கும் வாள், சீவும் இழைப்புளி, சுத்தியல் எல்லாம் வாங்கி வந்தார். முதல் ஆணியிலேயே கட்டைவிரல் நசுங்கிப்போனது. அத்தனையையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "இனி ஒருத்தரும் இதுகளைத் தொடப்படாது" என்றார்.

அவர் வேலைக்குப் போனதும் மனைவி ஞானேஸ்வரி தொட்டாள்.

சும்மா பார்க்கத்தான். யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து வந்தவளுக்கு இங்கே பேச்சுத்துணை கிடையாது. மத்தியானம் நீண்டுகொண்டே போகும். பக்கத்து முஸ்தபா மளிகைக் கடையில் பால் டின் வந்த மரப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கினாள். கோடு ஒரு பக்கம், அறுப்பு ஒரு பக்கம் என்று போயிற்று. இழைப்புளி மரத்தைக் கவ்விக்கொண்டு நகர மறுத்தது. பலகையைத் திருப்பிப் போட்டுத் தள்ளினாள். சரக்கென்று ஒரு சீவல் சுருண்டு எழுந்தது. ஞானேஸ்வரி தனியாக நின்று சிரித்தாள். அன்று சோறு குழைந்துபோனது அவளுக்குத் தெரியவே இல்லை.

பிழையாய்ப் போன துண்டுகளெல்லாம் அடுப்புக்குப் போயின. கடைசியில், உட்கார ஒரு சிறு வாங்கு, குட்டி பெஞ்சு, உருவாயிற்று. அதை அடுக்களையில் வைத்தாள்.

"இதென்ன, புது வாங்கோ?" என்று சதாசிவம் கால் சப்பாத்தைக் கழற்ற உட்கார்ந்தார். நான்கு கால்களும் நான்கு திசைக்கு விரிந்தன. அவர் தரையில் கிடந்தார். வாங்கைப் புரட்டினால், அடியில் முஸ்தபா கடையின் கறுப்பு மை முத்திரை!

"உடையிற வாங்கை வித்து முஸ்தபா என்னை ஏமாத்திப் போட்டான்!"

"இஞ்சருங்கோ, நில்லுங்கோ!"

அவர் வாங்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்துவிட்டார். ஞானேஸ்வரி பின்னால் ஓடினாள்.

கடை நிறைய ஆட்கள். "இதையெல்லாம் சாமான் எண்டு விக்கிறீரோ?" என்று சதாசிவம் வாங்கைத் தூக்கிக் காட்டினார். முஸ்தபா வாங்கைப் பார்த்தார். மூச்சிரைக்க வாசலில் நின்றவளைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"தப்பு நம்மளோடதுதான் சார். மன்னிச்சிருங்க" என்றார்.

அவள் பேசாமல் இருந்திருக்கலாம். தான் செய்ததை வேறொருவர் தம்முடையது என்று சொல்வதை அவளால் பொறுக்க முடியவில்லை.

"அவரிலை பிழையில்லை. நான்தான் செய்தனான்."

சதாசிவம் பலகையின் மேல் விரலை ஓட்டினார். வழுவழுவென்றிருந்தது.

"இழைச்சது ஆர்?"

"நான்தான்."

"பிறகேன் கால் மட்டும் இப்பிடி?"

"ஆணி அடிக்கேக்கை பிடிக்க ஒரு ஆள் வேணுமே. எனக்கு ரெண்டு கைதானே."

முதலில் சிரித்தது முஸ்தபா. சதாசிவத்தின் மீசை துடித்தது. பிறகு அவரும் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வாங்கின் காலைப் பிடித்துக்கொள்ள, அவள் ஆணி அடித்தாள்.

"ஆட்டாதேங்கோ!"

ஸ்டேஷனையே அதட்டுகிற மனிதர் அசையாமல் குந்தியிருந்தார். வாங்கு நிமிர்ந்து நின்றதும், "அடுத்தது என்ன?" என்று கேட்டார்.

"ஒரு அலுமாரி" என்றாள் ஞானேஸ்வரி.

முஸ்தபாவிடம் பெட்டி கேட்க அவரே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.