யானையா, குதிரை வில்லாளியா?

2005 மே மாதம் சிவசங்கரனின் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காமல் போயின. மட்டாஞ்சேரி யூதத் தெருவான ஜூ டவுனில் இஞ்சி குடோன் ஒன்றில் சுமை இறக்குகிறவன். மாடியிலிருந்து கயிற்றில் கட்டி இறக்கிய மூட்டை நழுவ, கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. தையல் பிரித்த டாக்டர், "நரம்பு போயாச்சு, இனி இவ்வளவுதான்" என்றார்.

மட்டாஞ்சேரிப் பையன்களுக்கு அவனைத் தெரிந்தது வேறு காரணத்துக்காக. பாலஸ் ரோட்டு இன்டர்நெட் கஃபேயில், படை நடத்தும் கம்ப்யூட்டர் கேமில் அவனை ஜெயிக்க ஆளில்லை. எப்போதும் குதிரை வில்லாளிகளைத்தான் எடுப்பான். அம்பு விட்டதும் பின்வாங்க வைக்கணும், திருப்பி நிறுத்தணும், மறுபடி அம்பு. கை ஒரு நொடி பிந்தினால் குதிரைகள் கூண்டோடு சாகும். கை ஓடுகிறவனிடம் அதை மிஞ்சிய படை கிடையாது. யானைப்படைக்கு அந்தத் தொல்லையெல்லாம் இல்லை. காட்டிய இடத்துக்குப் போகும், இடிக்கும்.

ஆகஸ்டில் எர்ணாகுளத்தில் இரட்டையர் போட்டி. அவனுக்கு ஜோடி தங்கை விஜி, ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவள்.

"அண்ணே, யானை எடு" என்றாள்.

"யானை சின்னப் பிள்ளைகள் எடுக்கறது."

"இப்ப உன் கைக்கு அதுதான் ஜெயிக்கும்."

அவன் இடது கையால் மவுஸ் பிடித்துப் பழகினான். குதிரை வில்லாளிகளோடு பத்து ஆட்டத்தில் இரண்டுதான் ஜெயித்தான். யானையோடு ஆறு. அதற்குப் பிறகு அவன் வாதாடவில்லை.

இறுதி ஆட்டத்தில் எதிரே காக்கநாட்டு ஜோடி. அதில் சஜி என்பவன் குதிரை வில்லாளிகளை எடுத்திருந்தான். சிவசங்கரன் தப்பே செய்யவில்லை. நேரத்துக்கு யானை கட்டினான், கவசம் ஏற்றினான், திரட்டி அனுப்பினான். சஜியின் குதிரைகள் எய்துவிட்டு விலகின, திரும்பின, எய்தன. இப்போது விலகுவான், இப்போது திரும்புவான் என்று ஒவ்வொன்றும் சிவசங்கரனுக்கு முன்கூட்டியே தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? யானைகள் துரத்தின, எட்டவில்லை. ஒவ்வொன்றாக விழுந்தன. விஜியின் கோட்டையை சஜியின் ஜோடி இடித்துக்கொண்டிருந்ததால் அவளாலும் உதவிக்கு வர முடியவில்லை. நாற்பது நிமிஷத்தில் முடிந்தது.

சஜி வந்து கை கொடுத்தான். விரல்களைப் பார்த்துவிட்டுப் பிடியைத் தளர்த்தினான்.

"சேட்டா, யானை எடுத்தது சரிதான். இந்தக் கையோட குதிரை எடுத்திருந்தா பத்து நிமிஷம் தாங்கியிருக்காது."

மரியாதையாகத்தான் சொன்னான். சிவசங்கரன் கையை எடுத்துக்கொண்டான். தப்பான படையை எடுத்துத் தோற்றிருந்தால் அடுத்த முறை என்று ஒன்று இருந்திருக்கும்.

திரும்பும் படகு வில்லிங்டன் தீவைத் தாண்டியதும் விஜி மெல்லச் சொன்னாள்.

"சஜியோட ஜோடி கல்ஃபுக்குப் போறானாம். அவன் இடத்துக்கு என்னைக் கூப்பிட்டாங்க. முடியாதுன்னுட்டேன்."

"ஏன்?"

"நீ இருக்கியே."

"நான் எங்க இருக்கேன்? பார்த்தல்ல. போ, விஜி."

அவள் அழுதாள். அவன் தேற்றவில்லை. தேற்றினால் போகாமல் இருந்துவிடுவாள்.

செப்டம்பரிலிருந்து ஞாயிறுதோறும் விஜி சஜியோடு ஜோடியாக ஆட காக்கநாட்டுக்குப் போனாள். முதல் இரண்டு வாரம் அவன் படகுத்துறை வரை கூடப் போனான். மூன்றாவது வாரம் அவள் கிளம்பும்போது தூங்குகிறவன்போலச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். அவளும் எழுப்பவில்லை.