கேட்டுப் போடும் சுவிட்ச்

1

அம்சவள்ளி மடிக்கணினியின் முன் அமர்ந்துவிட்டால் அந்த வீட்டில் யாரும் கேட்காமல் சுவிட்சைத் தொடுவதில்லை. மிக்ஸி போட வேண்டுமானால், மாமியார் தையலம்மாள் சமையலறையிலிருந்து குரல் கொடுப்பார்: "அம்சா, போடட்டா?" அவள் தட்டச்சு செய்ததைச் சேமித்துக்கொண்டு, "போடுங்க அத்தை" என்பாள். அதன் பிறகே மிக்ஸி உறுமும். தண்ணீர் மோட்டாருக்கும் இதே முறைதான். கணவர் செல்லப்பன் கொல்லைப்புறத்தில் சுவிட்சின் மேல் விரலை வைத்தபடி அனுமதிக்காக நிற்பார்.

காரணம் எளியது. மடிக்கணினியின் பேட்டரி செத்துப் பல மாதங்கள் ஆகின்றன. சுவரிலிருந்து வரும் மின்சாரம் ஒன்றே அதன் உயிர். மிக்ஸியோ மோட்டாரோ கிளம்பும் கணத்தில் எங்கள் பாகூர்த் தெருவில் விளக்குகள் ஒருமுறை மங்கும். அந்த மங்கலில் மடிக்கணினி அணைந்துபோகும், சேமிக்காத எழுத்துகள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு.

கதை பிறந்த இடத்தை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் இரண்டு வீடு தள்ளி வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன். வில்லியனூர் அச்சகம் ஒன்றுக்காகத் திருமண அழைப்பிதழ்களும் கண்ணீர் அஞ்சலிகளும் தட்டச்சு செய்துதரும் அம்சவள்ளிதான், இரக்கப்பட்டு, நான் கையால் எழுதும் நீதிக்கதைகளையும் தட்டச்சு செய்து தருகிறாள். ஒரு முற்பகலில் நீதிக்கதை ஒன்றைக் கொடுக்கப் போனபோது, "போடட்டா", "போடுங்க" என்ற அந்தப் பேச்சைக் கேட்டேன். இதையே எழுதுவது என்று முடிவுசெய்து, கொண்டுபோன கதையைச் சட்டைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

ஆகவே வாசகரே, நீங்கள் படிக்கும் இவ்வரிகளைத் தட்டச்சு செய்பவளே இக்கதையின் நாயகி. தவறாக எழுதினால் சும்மா இருக்க மாட்டேன் என்ற நிபந்தனையின் பேரில்தான் இதற்கு இசைந்தாள். அடைப்புக்குறிக்குள் வருவன அவளுடையவை.

(ஆமா. - அம்சவள்ளி)

2

பழக்கத்தின் வலிமையால் முதலில் இப்படித் தொடங்கினேன்:

பாகூர் ஏரிக்கரையில் ஓடு மெலிந்த ஆமை ஒன்று வாழ்ந்துவந்தது. அது படுத்திருக்கும் பாதையில் வரும் நரி, முயல், எருமை யாவும், "கடக்கலாமா?" என்று அதனிடம் கேட்டுவிட்டே காலெடுத்து வைக்கும். ஒருநாள் இரக்கமுள்ள காகம் ஒன்று வலிமையான புதிய ஓட்டைக் கவ்வி வந்து, ஆமையின்

வாக்கியம் இங்கே நின்றுவிட்டது. (ஆமைக்கு வேற ஓடு மாட்ட முடியுமா சார்? - அம்சவள்ளி) இதற்கு விடை தேடிக்கொண்டிருக்கையில் அதைவிடப் பெரிய தடை வந்தது. திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று தையலம்மாள் விசாரித்தார். மருமகள் படித்துக் காட்டினாள். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பதில் தையலம்மாளுக்கு ஐயமே கிடையாது. அது காலால் நடந்து புகுந்தாலும் ஒன்றுதான், கரண்டு வழியே புகுந்தாலும் ஒன்றுதான் என்பது அவருடைய தீர்ப்பு.

"அத உங்க வூட்ல வச்சிக்கோங்க வாத்தியாரே. இங்க வேணாம்."

எழுத்தாளனின் உரிமை குறித்து ஏதோ சொல்ல வாய் திறந்தேன். பின்னர் ஆமையை ஏரிக்கே அனுப்பிவிட்டேன்.

3

இனி நேராகச் சொல்கிறேன். பேட்டரியை மாற்றுவதா, வேண்டாமா என்பதே கேள்வி.

வில்லியனூரில் கணினி பழுதுபார்க்கும் இர்பானைச் செல்லப்பன் விசாரித்து வந்திருந்தார். அந்த வகைக்கு நிறுவனத்தின் பேட்டரி இப்போது வருவதில்லை. பொருந்தக்கூடிய வேறொன்று கிடைக்கும். எத்தனை காலம் உழைக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது என்று இர்பான் நேர்மையாகச் சொல்லிவிட்டான். மாற்றிவிடலாம் என்றார் செல்லப்பன். பார்க்கலாம் என்றாள் அம்சவள்ளி. அந்தப் 'பார்க்கலாம்' பல மாதங்களாக நீண்டுகொண்டிருந்தது.

நான் எழுதினேன்: அம்சவள்ளி சிக்கனத்தின் காரணமாகத் தயங்கினாள்.

(இது தப்பு. - அம்சவள்ளி)

ஒரு பாத்திரம் தன் உள்ளத்தை ஆசிரியன் அறியவில்லை என்று அறிவிக்கும்போது, ஆசிரியன் செய்யத்தக்கது ஒன்றே. நேரில் போய்க் கேட்டேன். அவள் யாருடைய மகனுக்கோ நடக்கவிருந்த திருமணத்தின் அழைப்பிதழை முடித்து, சேமித்துவிட்டு, திரையைப் பார்த்தபடியே பேசினாள்.

"இந்த வூட்ல என்னைக் கேட்டுட்டு செய்யிறது அது ஒண்ணுதான் சார். பசு மாட்ட வித்தாங்க, கேக்கல. புள்ளைய வேற ஸ்கூல்ல சேத்தாங்க, கேக்கல. யாரும் கெட்டவங்க இல்ல, கேக்கணும்னு தோணல, அவ்ளோதான். மோட்டார் போட மட்டும் கேக்குறாங்க. பேட்டரி மாத்திட்டா அதுவும் போச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். இதைக் கதையில் சேர்க்கலாமா என்று கேட்டேன். "போடுங்க" என்றாள், மிக்ஸிக்குச் சொல்லும் அதே குரலில்.

[அடிக்குறிப்பாகப் போயிருக்க வேண்டியது: நான் அறிந்த நீதிக்கதைகளில் அரசன் அமைச்சரைக் கலந்துகொள்வான். வீட்டுக்குப் போன அமைச்சர் யாரைக் கலந்துகொண்டார் என்பதைப் பற்றி ஒரு கதையும் மூச்சுவிடுவதில்லை.]

4

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: பேட்டரி மாற்றப்படுகிறது. அம்சவள்ளி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கொல்லையில் கொடுக்காப்புளி மரத்தின் நிழலுக்குப் போகிறாள். மிக்ஸி தன்பாட்டுக்கு ஓடுகிறது. அவளை யாரும் அழைப்பதில்லை. பார்வைக்கு இன்பமான முடிவு. மறுமுறை படித்துவிட்டு அதன் குறுக்கே கோடு போட்டேன்.

இரண்டாவது: பேட்டரி மாற்றப்படவில்லை. ஒருநாள் காரணமின்றிக் கரண்டு போகிறது. உடனே அச்சேற வேண்டிய கண்ணீர் அஞ்சலி அழிகிறது. அச்சகத்தார் வேறொருவரிடம்

(வேணாம் சார். - அம்சவள்ளி)

மூன்றாவதை எழுதத் தொடங்கியபோது செல்லப்பன் முந்திக்கொண்டார். உண்மை மனிதர்களைக் கதையில் வைப்பதில் இருக்கும் தொல்லை இதுதான். அவர்கள் காத்திருப்பதில்லை.

5

அம்சவள்ளி அரியாங்குப்பத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, செல்லப்பன் இர்பானிடம் பேட்டரியை வாங்கிவந்து, மடிக்கணினியின் அடியிலிருந்த தாழை நீக்கித் தாமே பொருத்திவிட்டார். மறுநாள் காலை அவள் தட்டச்சில் ஆழ்ந்திருந்தபோது, ஒரு சொல்லும் சொல்லாமல் மோட்டாரைப் போட்டார். விளக்கு மங்கியது. திரை மங்கவில்லை. "பாத்தியா?" என்று அங்கிருந்தே கூவினார். அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

நான் அடுத்த பக்கங்களோடு போய்ச் சேர்ந்தது அந்த நேரத்தில். அவள் என் தாள்களை வாங்கவில்லை.

"இனிமே நான் இந்தப் பொட்டிய தொடல. வேற யார்கிட்டயாவது குடுத்துக்கோங்க சார்" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கொல்லையிலிருந்து வந்த செல்லப்பன் உண்மையாகவே திகைத்துப்போனார். அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சி இன்னும் இறங்கி முடியவில்லை. அவளுக்கு உதவத்தானே வாங்கினேன், இதில் என்ன பிழை என்று என்னைக் கேட்டார். நான் விடை சொல்லியிருந்தால் இது மீண்டும் நீதிக்கதையாகியிருக்கும். நல்லவேளையாக, கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்த தையலம்மாள் தலையை நிமிர்த்தினார். இவரைத்தான் நான் இக்கதையின் கொடுமைக்காரியாக்கலாமா என்று சிலகாலம் யோசித்துவைத்திருந்தேன்.

"ஏன்டா, அவ பொட்டிய தொறக்க அவள கேட்டியா?"

"அவளுக்குத்தானம்மா வாங்கினேன்."

"அதான். அவள கேட்டியா?"

 தொட்டி நிரம்பி வழிந்த பிறகே செல்லப்பன் மோட்டாரை அணைக்கப் போனார்.

6

அன்று மாலை என்னை அழைத்தது அம்சவள்ளிதான். தாள்களைக் கொண்டுவரச் சொன்னாள். நான் போனபோது செல்லப்பன் மடிக்கணினியைக் கவிழ்த்துவைத்து, தாழை நீக்கிக்கொண்டிருந்தார். பேட்டரியைக் கழற்றி, அது வந்த அட்டைப்பெட்டிக்குள் வைத்து, அவள் பக்கமாக நகர்த்தினார்.

"உன்னைக் கேக்காம தொறந்துட்டேன். தப்புதான். போடுறதோ, இர்பான்கிட்ட திருப்புறதோ, நீ சொல்றதுதான்."

அவள் தலையசைத்தாள். அத்துடன் முடிந்தது என்று நான் நினைத்தேன். அவர் போகவில்லை. தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, துண்டை மடியில் போட்டுக்கொண்டார்.

"அம்சா, அடுத்த பட்டத்துக்கு நம்ம நெலத்துல கரும்பு வெக்கலாமா, நெல்லா? நீ இன்னா சொல்ற?"

கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் யாரும் கேட்டிராத கேள்வி அது.  அவள், வாய்க்கால் எப்போது தூர்வாரப்படும், கரும்பு வெட்ட ஆலையிலிருந்து உத்தரவு எப்போது வரும் என்று எதிர்க்கேள்விகள் கேட்டாள். செல்லப்பன் ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொன்னார். தையலம்மாளும் அடுப்பு வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பேச்சு நீண்டுகொண்டே போனது. என்னை மறந்துவிட்டார்கள். மேசையில் தாள்களை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

எனவே வாசகரே, இக்கதையின் முடிவு இனி உங்கள் கையில். அட்டைப்பெட்டியில் காத்திருக்கும் அந்தப் பேட்டரியை மாட்டுவதா, வேண்டாமா என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ள

(அவங்க எதுக்கு சார் தீர்மானிக்கணும்? - அம்சவள்ளி)

உண்மைதான். பிழை என்னுடையது. அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வாசகர் மன்னிக்க வேண்டும். உங்களிடம் கொடுப்பதற்கு அந்தத் தீர்மானம் என்னுடையது அல்ல. உரியவளிடமே கேட்கிறேன். அம்சவள்ளி, மாட்டலாமா?

(மொதல்ல கரும்பா நெல்லான்னு முடியட்டும் சார். இன்னும் பேசிக்கிட்டிருக்கோம். - அம்சவள்ளி)