டார்ச் பிடித்தவள்

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை அவர் ஐந்து லிட்டர் ஆயில் டப்பாவையும் புது ஃபில்டரையும் கொண்டுவந்து, கார் நிற்கும் கொட்டகையில் அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தார். ஃபில்டர் பெட்டியைத் திறந்து, உள்ளே செம்பு வாஷர் இருக்கிறதா என்று பார்த்து, பெட்டியை மூடினார்.

"சனிக்கிழமை காலைல மாத்திடலாம். டார்ச்சுக்கு பேட்டரி போட்டு வை."

"போன மாசம்தாங்க போட்டேன்."

"அப்ப பேட்டரி மேல தப்பில்ல. உன் கைதான் ஆடுது."

"கை ஆடல. நீங்க எங்க தலைய நீட்டுறீங்கன்னு தெரியாம வெளிச்சம்தான் அலையுது."

அவர் சிரித்துக்கொண்டே கை கழுவப் போனார். அவ்வளவுதான். வியாழக்கிழமை அவர் ஒரு ஏழு மாடிக் கட்டடத்தில் நின்றுபோன லிஃப்டைச் சரிசெய்யப் போனார். லிஃப்ட் ஓடாததால் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினார். ஐந்தாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சனிக்கிழமை காலையில் வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். கொட்டகைப் பக்கம் மட்டும் யாரும் போகவில்லை.

பதினோரு வருடமாக அந்த டீசல் காருக்கு ஆயில் மாற்றியவர் அவர். டார்ச் பிடித்தவள் அவள். அவர் காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்க, அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு வெளிச்சம் காட்டுவாள். "லைட்டு" என்றுதான் அவர் அவளைக் கூப்பிடுவார். "லைட்டு, கொஞ்சம் இடது பக்கம். லைட்டு, என் மூக்குக்கு வெளிச்சம் வேண்டாம், போல்ட்டுக்குக் காட்டு." அவள் அச்சகத்தில் பிழை திருத்துபவள். ஒரு பக்கத்தில் ஒரே சொல் அடுத்தடுத்து இரண்டு முறை அச்சாகியிருந்தால் பார்த்த மாத்திரத்தில் கண்ணில் குத்திவிடும். பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அவளுடைய பிழைப்பு. காருக்கு அடியிலும் அவள் அதைத்தான் செய்தாள்.

ஒன்றரை மாதம் அவளே அந்தக் காரை அச்சகத்துக்கு ஓட்டிப்போய் வந்தாள். ஆயில் மாற்ற வேண்டிய கணக்கைத் தாண்டி முந்நூறு கிலோமீட்டர் ஓடியிருந்தது. அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து வைத்திருந்தாள். அன்று காலை அவளுக்கு முன்பே கொழுந்தன் வந்து நின்றான்.

"அண்ணி, நீங்க உள்ள போங்க. அண்ணன் வாங்கி வச்ச ஆயில நான்தான் ஊத்துவேன்."

"நான் டார்ச் பிடிக்கிறேன் தம்பி."

"எனக்கு லைட்டெல்லாம் வேண்டாம். போன்ல வெளிச்சம் இருக்கு."

அவன் கண் சிவந்திருந்தது. அதைப் பார்த்து அவள் சண்டை போடாமல் உள்ளே போய்விட்டாள். அது அவள் செய்த தவறு.

முக்கால் மணி நேரத்தில் இன்ஜின் உறுமும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து அவன் போட்ட கூச்சல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தபோது காருக்கு அடியிலிருந்து ஆயில் ஓடையாகத் தரையில் பரவிக்கொண்டிருந்தது. இன்ஜினை அணைத்துவிட்டு அவன் தலையில் கை வைத்து நின்றான்.

"போச்சு அண்ணி. உள்ள ஏதோ உடைஞ்சுடுச்சு. அண்ணனோட இந்த இன்ஜினும் போச்சு."

அவள் கீழே கிடந்த பழைய ஃபில்டரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். வாயைச் சுற்றி ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தில் ஒரு ரப்பர் வளையம் உட்கார்ந்திருக்க வேண்டும். பள்ளம் காலியாக இருந்தது.

"தம்பி, இதுல வளையத்தக் காணோம். இன்ஜின்லயே ஒட்டிக்கிட்டு இருக்கும். அது மேலயே புதுசையும் ஏத்திட்ட போல. ரெண்டு வளையம் இருந்தா எப்படிப் பிடிக்கும்?"

"அண்ணி." அவன் குரல் கெட்டியானது. "டார்ச் பிடிச்சவங்கள்லாம் மெக்கானிக் ஆயிட முடியாது. நான் சரியாத்தான் செஞ்சேன்."

ஆயிலின் மேல் மண்ணைக் கொட்டினான். முன்சக்கரங்கள் மரச்சரிவுகளின் மேல் ஏறி நிற்க, கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றது. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். போகும்போது வாசலில் நின்று சொன்னான்: "தெரிஞ்ச தரகர் ஒருத்தர் இருக்கார். புதன்கிழமை பத்து மணிக்குக் கூட்டிட்டு வரேன். வர்ற விலைக்குத் தள்ளிடலாம். உங்களுக்கு எதுக்கு அண்ணி டீசல் வண்டியும் கரியும்? பஸ் இருக்கு."

"நான் விக்கிறதா சொல்லவே இல்லையே."

"நீங்க சொல்ல மாட்டீங்க. அதான் நான் சொல்றேன்."

அன்றிரவு அவளுக்குத் தூக்கம் பிடித்தது, அதுதான் ஆச்சரியம். ஒன்றரை மாதமாக வராத தூக்கம். கோபத்துக்கு அப்படி ஒரு குணம் உண்டு போலும்.

செவ்வாய் மாலை அச்சகத்திலிருந்து பஸ்ஸில் இறங்கியவள் நேரே உதிரிபாகக் கடைக்குப் போனாள். டப்பாவில் மிஞ்சியது அரை லிட்டர்தான். இன்ஜினுக்குள் எவ்வளவு இருக்கிறது, தரையில் எவ்வளவு போயிற்று என்று யாருக்கும் தெரியாது. அளவு தெரியாத ஆயிலில் இன்ஜினை ஓட்டுவது அவருக்கு அறவே ஆகாது. எல்லாவற்றையும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுவதென்று முடிவு செய்திருந்தாள்.

கடைக்காரர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"வீட்டுல ஆம்பளைங்க யாரையாவது வரச் சொல்லுங்கம்மா. தப்பான ஆயில வாங்கிட்டுப் போயிட்டு அப்புறம் என்கிட்ட சண்டைக்கு வருவீங்க."

"வண்டிக்கு ஆம்பள பொம்பள தெரியாதுங்க. ஆயில் தெரியும்." ஆயிலின் நம்பரைச் சொன்னாள். "டீசலுக்கு. அஞ்சு லிட்டர். அதே வண்டிக்கு ஃபில்டர் ஒண்ணு. பெட்டிக்குள்ள செம்பு வாஷர் இருக்கான்னு திறந்து காட்டுங்க."

அவர் திறந்து காட்டினார். வாஷர் இல்லை. முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு பெட்டியைத் திறந்தார். அதில் இருந்தது.

"மெக்கானிக் ஷெட்ல வேலை பாக்குறீங்களா?"

"இல்லைங்க. டார்ச் பிடிச்சேன்."

புதன்கிழமை லீவு சொல்லிவிட்டு ஒன்பது மணிக்கெல்லாம் அவருடைய பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டாள். பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்தாள். ஹேண்ட் பிரேக்கை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள். ஆயில் வடிக்க ஓர் அகலத் தட்டை உள்ளே தள்ளிவிட்டு, அட்டையை விரித்து, காருக்கு அடியில் புகுந்து மல்லாந்து படுத்தாள்.

பதினோரு வருடம் பக்கவாட்டில் பார்த்த இடத்தை முதல் முறையாக நேராகப் பார்த்தாள். எல்லாம் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தது. ஒரு கணம் மூச்சு அடைத்தது. அவரும் இப்படித்தான் படுத்திருந்திருப்பார், ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே என்று நினைத்தாள். இன்னொரு சங்கடமும் இருந்தது. டார்ச் பிடிக்க ஆள் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

முதலில் இன்ஜினின் ஆயில் தொட்டிக்கு அடியிலிருந்த போல்ட். கொழுந்தன் அதை ஜென்மப் பகையோடு முறுக்கியிருந்தான். ஸ்பானரைப் போட்டு இரண்டு கையாலும் இழுத்தாள். அசையவில்லை. காலை உந்திக்கொண்டு இழுத்தாள். டார்ச் வாயிலிருந்து விழுந்து நெற்றியில் இடித்தது. வாய் காலியானதால் ஒரு வார்த்தை வெளியே வந்தது. அச்சில் வந்தால் அவளே அடித்துவிடக்கூடிய வார்த்தை. அந்த வார்த்தைக்குத்தான் போல்ட் இளகியது.

ஆயில் கறுப்பாக வடிந்தது. இன்ஜின் ஒரு நிமிடம்தான் ஓடியது, அதற்குள் புது ஆயில் கறுத்துவிட்டது. டீசல் அப்படித்தான். போல்ட்டில் அவன் பழைய வாஷரையே விட்டிருந்தான். அதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டு, போல்ட்டைக் கையால் மட்டும் திருகி நிறுத்தினாள்.

அடுத்தது ஃபில்டர். இரண்டு கையாலும் பற்றித் திருப்பினாள். முழங்கை வழியாக அக்குள் வரை ஆயில் ஓடியது. ஃபில்டரைக் கீழே வைத்துவிட்டு இன்ஜினில் அது உட்காரும் இடத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பினாள்.

இருந்தது. தட்டையாகி, கெட்டியாகி, இரும்போடு இரும்பாக ஒட்டிக்கொண்டு ஒரு கறுப்பு வளையம். ஒரே சொல் இரண்டு முறை.

அப்போதுதான் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டு ஜோடி.

"அண்ணி?" கொழுந்தனின் குரல். "அண்ணி! என்ன பண்றீங்க? வெளிய வாங்க! யாராவது பாத்தா என்ன நெனைப்பாங்க?"

"வண்டிக்கு ஆயில் மாத்துறாங்கன்னு நெனைப்பாங்க."

"இன்ஜினே போயிடுச்சுன்னு சொன்னேன்ல? தரகர் வந்திருக்கார்."

"வரட்டும். உக்காரச் சொல்லு. தண்ணி குடுக்க என் கை சரியில்ல, நீயே குடு."

தரகர் பருமனான மனிதர். சிரமப்பட்டுக் குனிந்து எட்டிப் பார்த்தார். "அம்மா, எனக்காக ஒண்ணும் சுத்தம் பண்ண வேண்டாம். நான் இப்படியே எடுத்துக்கறேன். இன்ஜின் போன வண்டிதானே, இரும்பு விலைக்குத்தான்."

அவள் வளையத்தின் ஓரத்தை நகத்தால் கிளப்பினாள். வரவில்லை. நகம்தான் உடைந்தது. சட்டைப்பையிலிருந்த ஐஸ்கிரீம் குச்சியை எடுத்து நெம்பினாள். பதினோரு வருடமும் அவர் அதற்கு மரக்குச்சியைத்தான் வைத்திருந்தார், இரும்பு பட்டால் கீறல் விழும் என்று. வளையம் மெதுவாக உரிந்து அவள் கையில் விழுந்தது. அவள் காருக்கு அடியிலிருந்து கையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"தம்பி, இதப் பிடி."

அவன் வாங்கித் திருப்பிப் பார்த்தான். தரகர்தான் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"அட! பழைய வளையமா? அதுக்கு மேலயே புது ஃபில்டரா? பீய்ச்சி அடிச்சிருக்குமே! இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகலப்பா, ஃபில்டர் போட்ட ஆளுக்குத்தான் ஆயிடுச்சு." தொழில் அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோலக் குரலை மாற்றினார். "சரிம்மா, ஓடுற வண்டின்னா விலையே வேற. உக்காந்து பேசுவோம்."

அவள் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். முகமெல்லாம் கறுப்பு, தலையில் மண், நெற்றியில் டார்ச் இடித்த வீக்கம். எழுந்து நின்றாள்.

"இந்த வண்டி விலைக்கு இல்ல. அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல. இவன் கூப்பிட்டு வந்துட்டீங்க, உங்க மேல வருத்தம் இல்ல. போயிட்டு வாங்க."

"குடும்பத்துல பெரியவங்க யாராவது இருந்தா..."

"நான்தாங்க பெரியவ."

தரகர் ஒரு முறை காரையும் ஒரு முறை அவளையும் பார்த்துவிட்டு, இரண்டுமே படியாது என்று முடிவு செய்து கிளம்பினார்.

கொழுந்தன் போகவில்லை. வளையத்தை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டு மரச்சரிவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணன் மாட்டுனதுதானே இது? போன வருஷம்."

"ஆமா."

"அண்ணன் கை வச்ச இடத்துல நான் கை வச்சு நாசம் பண்ணிட்டேன்னு நெனச்சேன் அண்ணி. இந்த வண்டியப் பாக்கவே முடியல. கண்ணுல படாம போயிட்டா நல்லதுன்னு..."

"உன் கண்ணுக்காக நான் பஸ்ல போகணுமா?"

அவன் தலைகுனிந்தான். அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. வந்த இரக்கத்தை ஓரமாக வைத்தாள். இது முதலில் முடியட்டும்.

"எந்திரி. டார்ச்சப் பிடி."

"நானா?"

"வேற யாரு? டார்ச் பிடிச்சவங்க மெக்கானிக் ஆக முடியாதுன்னு சொன்னேல்ல, பிடிச்சுப் பாரு. ஆகுறியா இல்லையான்னு தெரிஞ்சுடும்."

மறுபடியும் உள்ளே புகுந்தாள். ஃபில்டர் உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்து, விரலால் சுற்றித் தடவி, இரும்பைத் தவிர எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டாள். புது ஃபில்டரின் வளையத்தில் ஒரு சொட்டு ஆயிலைத் தடவினாள். தொடும் வரை திருகி, தொட்ட பிறகு முக்கால் சுற்று. கையால் மட்டும்.

"இன்னும் கொஞ்சம் இறுக்கலாமே அண்ணி."

"லைட்ட ஆட்டாத."

"நான் ஆட்டல."

"என் மூக்குக்கு வெளிச்சம் வேண்டாம். ஃபில்டருக்குக் காட்டு."

சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று அவளுக்கு உறைத்தது. அவனுக்கும் உறைத்திருக்க வேண்டும். வெளிச்சம் ஒரு கணம் தாழ்ந்து மறுபடியும் நிமிர்ந்தது. கீழே போல்ட் இன்னும் இறுக்கப்படாமல் இருந்தது. அவள் கையை நீட்டினாள்.

"ஸ்பானர்."

அவன் ஒன்றைக் கொடுத்தான். போட்டுப் பார்த்தாள். லொடலொடவென்று சுற்றியது.

"இது பத்தொம்பது. வேற குடு."

இரண்டாவதைக் கொடுத்தான். அது சரியாகக் கவ்வியது. அளவாக இறுக்கினாள். வெளியே வந்து, இன்ஜினுக்கு மேலே மூடியைத் திறந்து, நாலேகால் லிட்டர் ஊற்றிவிட்டு நிறுத்தினாள். சற்றுப் பொறுத்து அளவுக் கம்பியை உருவிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். மூடியைப் போட்டாள். பிறகு அவன் பக்கம் திரும்பி வெறுங்கையை நீட்டினாள்.

"சாவி."

அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

இன்ஜின் இரண்டு முறை முனகிவிட்டுப் பிடித்துக்கொண்டது. டாஷ்போர்டில் ஆயில் விளக்கின் சிவப்பு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதற்குள் அணைந்தது. அவள் இறங்கிப் போய், காருக்கு அடியில் பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து, பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பத்து நிமிடம். இருவரும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சொட்டு விழவில்லை. அவள் எழுந்து இன்ஜினை அணைத்தாள்.

கொழுந்தன் ஸ்பானர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தான். ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான்.

"அண்ணி, அடுத்த தடவைக்கு ஞாபகம் வச்சுக்கறேன். அடி போல்ட்டுக்கு எது?"

"பதினேழு."

அவன் ஸ்பானரைத் திருப்பிப் பார்த்தான். தேய்ந்துபோயிருந்தாலும் எண் தெரிந்தது. பதினேழுதான்.